ஓர் இறாத்தல் கேக்

நூற்றாண்டு மலருக்காக எமது சங்கத்தின் பழைய கூட்டக் குறிப்புப் புத்தகங்களைப் புரட்டியபோது ஒரு வசனம் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது: "கூட்ட முடிவில் தேநீர் விருந்து நடைபெற்றது." தலைமை வகித்தவர், அறிக்கை வாசித்தவர், நன்றியுரை கூறியவர் எல்லோரும் பெயரோடு பதிவாகியிருக்கிறார்கள். அன்று மேசையில் வைத்த கேக்கை அடித்தவர் யார், அது எந்த வீட்டுக் குசினியில் வெந்தது என்பது மட்டும் ஓரிடத்திலும் இல்லை. எழுதியவர்களும் பெண்கள், கேக் சுட்டவர்களும் பெண்கள். இருந்தும் எவருக்கும் அது எழுதத்தக்க செய்தியாகத் தோன்றவில்லை.

இதை நாங்கள் பேசிக்கொண்டிருந்த மறுகிழமை, மலர்க்குழுவில் ஒருவர் தம் தாயாரின் கொப்பியொன்றைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுவந்தார். தாயாரும் நம் பழைய மாணவிதான். நீல மட்டை போட்ட எண்பது பக்கக் கொப்பி. முதற் பக்கத்தில் பெயரும் வகுப்பும், அதன் கீழ் "மனையியல்" என்ற தலைப்பும் கோடு போட்டு அழகாக எழுதியிருந்தன. மூன்றாம் பக்கத்தில் பட்டர் கேக்: மா 1 இறாத்தல், சீனி 1 இறாத்தல், பட்டர் 1 இறாத்தல், முட்டை 10, பேக்கிங் பவுடர், வனிலா. எண்ணெய் பட்டுப் பட்டு அந்தப் பக்கம் கண்ணாடிபோல ஆகிவிட்டது. அதன் ஓரங்களில் பென்சிலாலும் பேனாவாலும் பிற்காலத்தில் எழுதிய சிறு குறிப்புகள். "தம்பியின் 5ஆவது: 8 முட்டை, போதும்." "74: அரை அளவு, சீனி சேர்த்தது காணாது." "பெரியவளின் 7: பொம்மைக் கேக், பாவாடை பிங்க்." "91: வேறு பக்கம் பார்க்க." இப்படி நாற்பது ஆண்டு ஓடுகிறது. கூட்டக் குறிப்புகள் சொல்லாமல் விட்ட வரலாற்றின் ஒரு பகுதியாவது இந்த ஓரக் குறிப்புகளில் இருக்கிறது என்று எங்களுக்குப் பட்டது. பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு வீட்டில் கேக் சுட்ட கதையை இம்மலரில் சேர்ப்பதற்கு அதுவே காரணம்.

நம்மூரில் பிறந்தநாளும் கேக்கும் ஒன்றாக வந்தவையல்ல. நம் பாட்டிமார் காலத்தில் பிள்ளை பிறந்த நட்சத்திரம்தான் கணக்கு. அன்றைக்குத் தலையில் எண்ணெய் வைத்து முழுக வார்த்து, கோவிலில் அர்ச்சனை செய்து, வீட்டில் பாயாசமும் வடையும் வைப்பார்கள். குழந்தைக்கு முதற் பல் முளைத்தால் பல்லுக்கொழுக்கட்டை. தேங்காய்ச் சொட்டைப் பல்லுப்போல் வெட்டிக் கொழுக்கட்டையில் குத்தி, பிள்ளையை நடுவில் இருத்தித் தலையில் கொட்டுவது யாழ்ப்பாணத்தில் இன்றும் நடக்கிறது. ஆகவே, பிள்ளைக்காக வீட்டில் ஒன்றைச் செய்து, அதை அயலுக்குப் பகிர்ந்து மகிழ்வது நமக்குப் புதிதல்ல. கேக் அந்த இடத்தில் பிந்தி வந்து அமர்ந்துகொண்டது.

அது வந்த வழி நீளமானது. 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்த போர்த்துக்கேயர் நமக்குப் பாண் என்ற சொல்லையும் மேசை, அலுமாரி, குசினி என்ற சொற்களையும் விட்டுச் சென்றார்கள். 1658இல் ஒல்லாந்தர் வந்தனர், 1795இல் ஆங்கிலேயர். மெழுகுதிரி ஏற்றிய பிறந்தநாள் கேக் பற்றிய பழைய பதிவொன்று ஜேர்மனியில் 1746ஆம் ஆண்டுக்குரியது. சின்சென்டோர்ஃப் பிரபுவின் பிறந்தநாளுக்குப் பெரிய கேக்கொன்று செய்து, அவருடைய வயதுக்குக் கணக்காகத் துளையிட்டு மெழுகுதிரிகள் நட்டார்களாம். சாதாரண வீடுகளில் கேக் சுடுவது எளிதானதற்கு 1843இல் பேர்மிங்ஹாமில் அல்பிரட் பேர்ட் என்ற மருந்துக் கடைக்காரர் கண்டுபிடித்த பேக்கிங் பவுடரும் ஒரு காரணம். அவருடைய மனைவிக்கு ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாது. அதற்காகச் செய்யப்போனது உலகம் முழுவதற்கும் பயன்பட்டது. பிறந்தநாளில் உலகெங்கும் பாடும் பாட்டின் மெட்டுக்கும் பள்ளிக்கூடத்தோடு தொடர்புண்டு. அமெரிக்காவின் லூயிவில் நகரில் பாலர் வகுப்பு ஆசிரியையான பற்றி ஹில்லும் அவருடைய அக்கா மில்ட்ரெட்டும் பிள்ளைகள் காலையில் பாடுவதற்கென்று அமைத்து, 1893இல் அச்சிட்ட மெட்டு அது. ஒரு ரீச்சரின் வேலை என்று அறிந்ததில் எங்களில் ஆசிரியைகளாக இருந்தவர்களுக்கு மெத்தச் சந்தோஷம்.

யாழ்ப்பாணப் பெண் பிள்ளைகளுக்குக் கேக்கைக் கொண்டுவந்து சேர்த்தவை பெரும்பாலும் மிஷன் பாடசாலைகளும் அவற்றின் விடுதிகளுமே. 1824இல் அமெரிக்க மிஷன் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கியபோது எழுத்து வாசிப்போடு தையலும் கற்பித்தார்கள். பின்னாளில் எழுந்த பாடசாலைகள் பலவற்றில் வீட்டு வேலை ஒரு பாடமாகவே ஆனது. 1929இல் கில்டா டொய்ட்ரோம் தொகுத்த 'சிலோன் டெய்லி நியூஸ்' சமையற் புத்தகம் வெளிவந்தபின், ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த வீடுகளில் அதுவும் அலுமாரியில் இடம்பிடித்தது. ஆனால் எங்களில் பெரும்பாலோருக்குப் புத்தகம் எட்டவில்லை. எட்டியது கரும்பலகை. ரீச்சர் கரும்பலகையில் எழுதுவார், நாங்கள் கொப்பியில் எழுதுவோம். விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போது கொப்பியும் எங்களோடு வரும்.

எமது மனையியல் அறையைக் கண்டவர்கள் அந்தத் தகரப் போறணையை மறந்திருக்க மாட்டார்கள். கீழே சிரட்டைக்கரித் தணல், மேலே ஒரு தட்டில் இன்னும் கொஞ்சம் தணல். வெப்பமானி கிடையாது. வெள்ளைக் கடதாசித் துண்டொன்றை உள்ளே வைத்து, அது பொன்னிறமாக எவ்வளவு நேரம் எடுக்கிறதென்று பார்ப்போம். உடனே கறுத்தால் தணலைக் குறைக்க வேண்டும், வெளுப்பாகவே கிடந்தால் கூட்ட வேண்டும். மிசியம்மா காலத்தில் தொடங்கிய பழக்கம் என்று எங்களுக்குக் கற்பித்த ரீச்சர் சொல்வார். விடுதிப் பிள்ளைகளுக்குத் தனித்தனியே பிறந்தநாள் கொண்டாட வசதியில்லை. மாத முடிவில் ஒரு கேக். அந்த மாதத்தில் பிறந்த எல்லோரும் ஒரே கத்தியைப் பிடித்து வெட்ட வேண்டும். எட்டுப் பேர் பிடித்த கத்தியும் உண்டு. டிசம்பரில் பிறந்தவர்களுக்கு ஒன்றுமில்லை, விடுதி பூட்டிவிடும். அந்தக் குறையை இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிற ஒருவர் எங்கள் குழுவில் இருக்கிறார்.

வீட்டுக்குப் போன கொப்பி உடனே வரவேற்கப்பட்டதென்று சொல்ல முடியாது. சைவ வீடுகளில் முட்டை மச்சமா இல்லையா என்ற வழக்கு நடந்தது. முட்டை உடைத்த சட்டியை உள்ளுக்குக் கொண்டுவரக் கூடாதென்று முற்றத்தில் வைத்து அடித்தவர்களும், பாட்டி கோவிலுக்குப் போன நேரம் பார்த்து அடித்தவர்களும் உண்டு. விளக்கை ஊதி அணைப்பது அபசகுனம் என்ற எதிர்ப்பு இன்னொன்று. ஒரு வீட்டில் அதற்குக் கண்ட சமாதானம் இது: சாமிப்படத்துக்கு முன்னால் குத்துவிளக்கு ஏற்றிப் பிள்ளை கும்பிட்ட பிறகுதான் கேக்கின் மெழுகுதிரி. விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், மெழுகுதிரியை ஊதலாம். இந்த ஒழுங்கை இன்றும் பல வீடுகளில் காணலாம். அதை முதலில் வகுத்தது எந்தத் தாயோ, எந்தப் பேத்தியாரோ.

கேக் அடிப்பது தனியொருவர் வேலையல்ல என்பதை இன்று மின்சார இயந்திரத்தில் அடிப்பவர்களுக்கு விளக்க வேண்டியிருக்கிறது. ஓர் இறாத்தல் பட்டரையும் சீனியையும் மரக்கரண்டியால் வெளுத்து நுரைக்கும்வரை அடிக்க முக்கால் மணிக்குக் குறையாமல் எடுக்கும். சீனிப் பரல் பட்டரில் உரசி உரசிக் காற்றை உள்ளே சேர்க்கிறது. அந்தக் காற்றுத்தான் பிறகு சூட்டில் விரிந்து கேக்கை எழுப்புகிறது. இந்த விஞ்ஞானம் எங்களுக்குப் பிறகுதான் தெரியவந்தது. அன்று தெரிந்ததெல்லாம், கை நோகும், மாறி மாறி அடிக்க வேண்டும், ஒரே பக்கமாகச் சுற்ற வேண்டும் என்பதே. மறுபக்கம் சுற்றினால் திரைந்துவிடுமென்று பயமுறுத்துவார்கள். அதில் உண்மையில்லை. குளிர்ந்த முட்டையை அவசரப்பட்டுச் சேர்த்தால்தான் திரையும். ஆனால் அந்தப் பயம் பிள்ளைகளைச் சட்டிக்குப் பக்கத்தில் ஒழுங்காக இருத்தி வைத்தது.

ஒழுங்கைக்கு ஒரு கேக் தட்டு இருக்கும். அது யாருடையது என்பது சிலவேளை மறந்தே போயிருக்கும். பிறந்தநாளுக்கு முதல் நாள், "மாமி, அம்மா கேக் தட்டுக் கேட்டவ" என்று ஒரு பிள்ளை வரும். தட்டு திரும்பிப் போகும்போது வெறுமனே போகாது, ஒரு துண்டு கேக்கோடுதான் போகும். போறணை இல்லாத வீட்டார் மாக்கலவையைத் தட்டில் ஊற்றி, துணியால் மூடி, பேக்கரிக்குக் கொண்டுபோவார்கள். பாண் இறக்கிய பிறகு அந்தச் சூட்டில் வைத்துத் தருவார்கள். சைக்கிள் கரியரில் ஒருவர் பிடிக்க, ஒருவர் உருட்ட, கலவை சிந்தாமல் கொண்டுபோவது ஒரு பெரிய வித்தை. வெந்ததா என்று பார்க்க ஈர்க்குக் குச்சி. குத்தி இழுத்தால் மா ஒட்டக் கூடாது. பிறந்தநாள் பிள்ளைக்கு அந்த ஈர்க்கை நக்கிப் பார்க்கும் உரிமையுண்டு.

ஐசிங் போடுவது எல்லா வீட்டுக்கும் கைவரவில்லை. எண்ணெய்க் கடதாசியைக் கூம்பாகச் சுருட்டி நுனியை வெட்டி, பட்டர் ஐசிங்கை நிரப்பிப் பூப் போடுவதற்கு ஊருக்கு ஓர் அக்கா இருப்பார். பிங்க், பச்சை, மஞ்சள் என்று அடுக்கி வைத்த றிபன் கேக்கும், அரை வட்டமாகச் சுட்ட கேக்கின் நடுவில் பொம்மையைச் செருகி ஐசிங்கால் பாவாடை கட்டிய பொம்மைக் கேக்கும் அவர்களுடைய கைவண்ணம். இப்போது யோசித்தால், பொம்மையை வெளியே இழுத்தபின் இடுப்புவரை ஐசிங் ஒட்டியிருக்கும் அந்தக் காட்சி அவ்வளவு அழகாக இல்லை. ஆனால் ஏழு வயதில் அதைவிடப் பெரிய ஆசை எங்களுக்கு இருக்கவில்லை.

கொப்பியின் "74" என்ற குறிப்புக்கு வருவோம். 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு. வெங்காயமும் மிளகாயும் செய்தவர்களுக்கு அது நல்ல காலம். யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் அதை இப்போதும் சொல்வார்கள். ஆனால் சீனியும் மாவும் கூப்பனுக்குத்தான். பாணுக்கு விடியற்காலையில் வரிசை. ஒரு பிள்ளையின் பிறந்தநாளுக்கு வேண்டிய சீனியைச் சேர்க்க, வீட்டிலுள்ள பெரியவர்கள் மாதக்கணக்கில் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் குடித்தார்கள். "சீனி சேர்த்தது காணாது" என்ற மூன்று சொல்லுக்குப் பின்னால் எத்தனை கோப்பைத் தேநீர் இருக்கிறதென்பதை அந்தக் காலத்தில் வாழ்ந்தவர்கள் அறிவார்கள். 1977க்குப் பிறகு கடைகளில் மாஜரினும் நிறங்களும் எசன்சும் தாராளமாக வந்தன. 1980இல் திருகோணமலையில் பிறீமா மா ஆலை இயங்கத் தொடங்கியது. பட்டருக்குப் பதில் அரைவாசி மாஜரின் சேர்ப்பது வழக்கமானது. கொப்பியில் அந்த ஆண்டுகளுக்குரிய குறிப்புகள்தாம் அதிகம், ஒவ்வொன்றிலும் ஒரு குதூகலம் தெரிகிறது. 83க்குப் பிறகு குறிப்புகள் குறைகின்றன. அந்த வீட்டில் மூத்த மகன் வெளிநாடு போய்விட்டார். அவருடைய பிறந்தநாளுக்கு நேரே "சுடவில்லை" என்று மட்டும் எழுதியிருக்கிறது.

"91: வேறு பக்கம் பார்க்க." அந்த வேறு பக்கம் கொப்பியின் கடைசியில் இருக்கிறது.

1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியதும் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய், பெற்றோல், பற்றரி, சவர்க்காரம் என்று ஒவ்வொன்றாகக் கண்ணுக்கு மறைந்தன. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்துச் சொட்டுச் சொட்டாக மண்ணெண்ணெய் விட்டு எரித்த விளக்கில்தான் அன்றைய நம் மாணவிகள் உயர்தரப் பரீட்சைக்குப் படித்தார்கள். பட்டரைப் பற்றிப் பேச்சே இல்லை. அந்த நிலையிலும் பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் வந்துகொண்டிருந்தது. கடைசிப் பக்கத்தில் எழுதியிருப்பது இதுதான்:

மா 2 கோப்பை. சீனி 1 கோப்பை. தடித்த தேங்காய்ப்பால் முக்கால் கோப்பை. தேங்காயெண்ணெய் கால் கோப்பை. முட்டை 2. அப்பச் சோடா 1 தேக்கரண்டி. தேசிக்காய்ப்புளி 1 மேசைக்கரண்டி.

மா நிவாரணத்தில் கிடைத்தது. பேக்கிங் பவுடர் இல்லாததால் அப்பச் சோடாவையும் தேசிக்காய்ப்புளியையும் சேர்த்துப் பொங்க வைத்தார்கள். அல்பிரட் பேர்ட் செய்ததும் ஏறக்குறைய இதே வேலைதான், சோடாவோடு புளிப்பொன்றைச் சேர்ப்பது. போறணைக்குப் பதில் கிடாரம். அடியில் ஆற்றுமணலைக் கொட்டிச் சூடாக்கி, அதன்மேல் தட்டை வைத்து, மூடியின்மேல் பொச்சுமட்டைத் தணலைப் பரப்புவார்கள். ஐசிங் வேண்டுமென்று பிள்ளை அழுதால் சீனியை அம்மியில் அரைத்துச் சீலையில் அரித்து, பீற்றூட் சாறு விட்டுப் பிங்க் ஆக்குவார்கள். கேக் மஞ்சளாக வராது. கொஞ்சம் மண்ணிறமாக, தேங்காயெண்ணெய் மணத்தோடு, மேலே சற்று வெடித்து வரும்.

ஒரு வீட்டில் நான்கு வயதுப் பிள்ளைக்கு மெழுகுதிரி கிடைக்காமல் ஜாம் போத்தல் விளக்கையே கேக்கின் பக்கத்தில் வைத்தார்கள். பாட்டு முடிந்தது, பிள்ளை பலமாக ஊதியது. வீட்டிலிருந்த ஒரே விளக்கு அதுதான். நெருப்புப்பெட்டியும் விலைபோன பொருள், எங்கோ பத்திரமாக வைத்திருந்தார்கள். அதைத் தடவித் தேடி எடுத்து மறுபடி விளக்கேற்றியபோது கேக்கில் கால்வாசியைக் காணோம். பிறந்தநாள் பிள்ளையின் வாயும் கையும் பிங்க். இந்தக் கதையைச் சொன்னவர் சொல்லும்போது சிரித்தார், நாங்களும் சிரித்தோம். அடுத்த மாதமே பொம்மர் வந்த ஒரு பகலில் அந்த வீட்டுக் குசினி போய்விட்டது என்பதைச் சிரித்து முடித்த பிறகுதான் சொன்னார். ஆட்கள் பங்கருக்குள் இருந்ததால் தப்பினார்கள்.

இதை எழுதும்போது எங்களுக்குள் ஒரு கருத்து வேறுபாடு எழுந்ததை மறைக்க விரும்பவில்லை. அந்தக் காலத்துக் கேக்கைப் பெருமையாக எழுத வேண்டும், நம் பெண்களின் கெட்டித்தனத்துக்கு அது சான்று என்றார்கள் சிலர். கொப்பிக்குச் சொந்தக்காரரான அம்மாவுக்கு இப்போது எண்பத்திரண்டு வயது. அவரிடம் கேட்டோம். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அது கெட்டித்தனமில்லைப் பிள்ளையள். பிள்ளை கேட்டுது, வேற வழியில்லை. அந்தக் கேக்கை எனக்கு ஒருநாளும் பிடிக்கேல்லை" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. இல்லாமையில் செய்ததை இன்று நிறைவான வயிற்றோடு இருந்து புகழ்வது எளிது. ஆயினும், அந்தக் கேக்கைத் தின்ற பிள்ளைகளிடமும் கேட்டோம். இன்று நாற்பது வயதைத் தாண்டியவர்கள். அவர்களில் ஒருவருக்கும் மண்ணிறம் நினைவில் இல்லை. பிங்க் நிறம்தான் நினைவில் நிற்கிறது.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்தைவிட்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்தவர்கள் கையில் எதை எடுத்துக்கொண்டு போனார்கள் என்பதைப் பற்றித் தனி நூலே எழுதலாம். உறுதிகள், நகை, பிள்ளைகளின் பிறப்பத்தாட்சிப் பத்திரம். சமையற் கொப்பியை எடுக்க யாருக்கு நினைவு வரும்? 1996இல் திரும்பி வந்தபோது பல வீடுகளில் கூரையும் இல்லை, கொப்பியும் இல்லை. 1981இல் எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தைப் பற்றி உலகம் எழுதிவிட்டது. குசினி இறாக்கையில் இருந்து கறையான் தின்றும் மழை நனைத்தும் போன கொப்பிகளைப் பற்றி எவரும் எழுதவில்லை. எங்களிடம் வந்த கொப்பி தப்பியது தற்செயல். அதற்குள் பிள்ளைகளின் தடுப்பூசி அட்டைகளைச் செருகி வைத்திருந்ததால், அட்டைகளோடு அதுவும் பைக்குள் போய்விட்டது.

2002இல் ஏ9 பாதை திறந்தபோது கொழும்பிலிருந்து பட்டரும் ஐசிங் சீனியும் லொறியில் வந்து இறங்கின. ஐசிங் வகுப்புகள் மூலைக்கு மூலை தொடங்கின. 2006 ஆகஸ்டில் பாதை பூட்டப்பட்டதும் எல்லாம் பழையபடி. 2009இன் முதல் மாதங்களில் வன்னியிலிருந்த நம் பழைய மாணவிகளிடம் இந்தக் கட்டுரைக்காக நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. கஞ்சிக்கு வரிசையில் நின்ற பிள்ளைகளுக்கும் அந்த மாதங்களில் பிறந்தநாள் வந்திருக்கும்.

வெளிநாடுகளுக்குப் போன நம்மவர்களின் கதை வேறு விதமானது. போறணை இருந்தது, பட்டர் இருந்தது, கேக் அடிக்க மாறி மாறிக் கை கொடுக்கத்தான் ஆளில்லை. ஸ்காபரோவில் இரண்டு வேலை செய்துவிட்டு இரவு பதினொரு மணிக்குத் தனியே நின்று றிபன் கேக் அடுக்கியதை ஒருவர் எழுதி அனுப்பியிருக்கிறார். சிட்னியிலும் மெல்பேர்ணிலும் உள்ளவர்கள் 1980இல் வெளிவந்த 'ஆஸ்திரேலியன் விமன்ஸ் வீக்லி' பிள்ளைகளின் பிறந்தநாள் கேக் புத்தகத்தைப் பற்றி ஒருமித்த குரலில் சொல்கிறார்கள். அதன் அட்டையில் சோளப்பொரி ஏற்றிய கேக் ரயில் இருக்கும். அந்நாட்டுப் பிள்ளைகள் எல்லோரும் அந்தப் புத்தகத்தைப் பார்த்துத்தான் தம் கேக்கைத் தெரிவு செய்வார்களாம். நம் பிள்ளைகளும் அப்படியே கேட்டார்கள். அவர்களுக்காக அந்த ரயிலைச் செய்த தாய்மார் உள்ளே வைத்தது கொப்பியிலிருந்த பட்டர் கேக்கைத்தான். சில சந்தேகங்களுக்கு ஊருக்குத் தொலைபேசி எடுக்க வேண்டியிருந்தது. நிமிடத்துக்கு இத்தனை என்று காசு போன அந்தக் காலத்தில், "அம்மா, முட்டை வெள்ளையைத் தனியாகவோ அடிக்கிறது?" என்று கேட்கவென்றே அட்டை வாங்கியவர் உண்டு. அம்மா அதற்குப் பதில் சொல்லாமல், "நீ சாப்பிட்டியோ?" என்று கேட்டதிலேயே அட்டை முடிந்துவிட்டதாம்.

2022ஆம் ஆண்டு இங்கிருந்தவர்களுக்குப் பழைய பாடம் திரும்பி வந்தது. நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்வெட்டு, எரிவாயுவுக்கு நாட்கணக்கில் வரிசை, பால்மா இல்லை, பட்டர் விலை கேட்கவே பயம். மின்சாரப் போறணையும் இயந்திரமும் வைத்துக் கேக் ஓடர் எடுத்துப் பிழைத்த நம் இளைய மாணவிகள் பலர் திகைத்துப் போனார்கள். இவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. கடையில் வாங்கும் கேக்கையும் ஓடர் கேக்கையும் குறைத்துப் பேசுவது எங்கள் தலைமுறையின் வழக்கமாகிவிட்டது. நாங்கள் அதில் உடன்படவில்லை. வீட்டிலிருந்தபடி கேக் செய்து தம் பிள்ளைகளைப் படிப்பிக்கும் பெண்கள், நாம் இலவசமாகச் செய்த வேலைக்கு விலை போடத் தெரிந்தவர்கள். அந்த ஆண்டில் அவர்களில் சிலர் எங்கள் குழுவிலுள்ள மூத்தவர்களின் வீடுகளுக்கு வந்து, கிடாரத்தில் மணல் போட்டுச் சுடுவது எப்படியென்று கேட்டுப் பழகிச் சென்றார்கள். அதிலொருவர் எல்லாவற்றையும் கைத்தொலைபேசியில் படம் பிடித்துவிட்டு, "அன்ரி, சூடு எத்தனை பாகை?" என்று கேட்டார். ஒரு துண்டு வெள்ளைக் கடதாசியை எடுத்துக் கொடுத்தோம்.

நூற்றாண்டு விழாவுக்கு எந்தக் கேக்கைச் சுடுவதென்ற பேச்சு கடைசிக் கூட்டம்வரை இழுபட்டது. பத்து முட்டைப் பக்கமா, இரண்டு முட்டைப் பக்கமா? வாக்கெடுப்பு வேண்டாமென்று, முடிவை அந்த அம்மாவிடமே விட்டோம். விழாவுக்கு மூன்றாம் பக்கத்துக் கேக், பட்டரில் குறைவைக்கக் கூடாது, பத்து முட்டையும் போட வேண்டும் என்றார். இம்முறை சுடுகிறவர்களின் பெயர்கள் கூட்டக் குறிப்பில் எழுதப்படும் என்று செயலாளர் உறுதியளித்திருக்கிறார். கடைசிப் பக்கத்தை அச்சில் போடலாமா என்றும் கேட்டோம். அவர் மறுக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தம் எழுத்தை ஒருமுறை வாசித்துப் பார்த்தார்.

"போடுறதெண்டால் ஒண்டை விட்டிட்டன், அதையும் சேர்த்துப் போடுங்கோ. தேசிக்காய்ப்புளியைக் கடைசியிலதான் விடவேணும். விட்டவுடன அடுப்பில வைக்கவேணும். சுணங்கினால் எழும்பாது."